சோடியம் குறைந்துவிட்டதா? அறிகுறி வாரியாக என்ன பார்ப்பது, எப்போது ஓடுவது

ரத்தத்தில் சோடியம் குறைந்த பெரியவர்களை வாரத்தில் இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். சிறிய ஊரில் பொது மருத்துவராக இருக்கும் எனக்கு மிகவும் பழகிப்போன பிரச்சினை இது. வருபவர்களில் பெரும்பாலோர் அறுபத்தைந்து, எழுபதைத் தாண்டியவர்கள். கூட வரும் பிள்ளைகள் கேட்பதும் ஒரே கேள்விதான்: "உப்பு குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க டாக்டர், சாப்பாட்டுல உப்பைக் கூட்டிடலாமா?"

பல நேரம் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பார்ப்பவர்களில் பலருக்கு உப்பு போதாமல் இது வரவில்லை. உடம்பில் தண்ணீர் தங்கியதால் வந்திருக்கும், அல்லது தினமும் போடும் ஒரு மாத்திரையால் வந்திருக்கும். காரணத்தைப் பிடிக்காமல் உப்பை அள்ளிக் கொட்டினால் சிலருக்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும். சோடியம் மட்டும் ஏறாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்: எந்த உப்பு?

கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவுகளான கிரியாட்டினினையும் யூரியாவையும்கூட நாம் "உப்பு" என்றுதான் சொல்கிறோம். "கிட்னியில உப்பு கூடியிருக்கு" என்றால் அது கிரியாட்டினின். "உப்பு குறைஞ்சிருக்கு" என்றால் சோடியம். இரண்டும் ஒரே ரிப்போர்ட்டில் இருக்கலாம். ஆகவே வாய்வார்த்தையை நம்பாமல் சோடியம் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். 135 முதல் 145 வரை சரி. 130 முதல் 134 வரை லேசான குறைவு. 125 முதல் 129 வரை நடுத்தரம். 125க்குக் கீழே போனால் கடுமை.

எண்ணைப் போலவே, அது எத்தனை நாளில் இறங்கியது என்பதும் முக்கியம். மாதக்கணக்கில் மெல்ல இறங்கி, 122 வைத்துக்கொண்டு தானே நடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு நாளில் 120க்குச் சரிந்து வலிப்போடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: வலிப்பு, அல்லது எழுப்பினால் எழவில்லை

இங்கே வீட்டில் சோதித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. 108ஐ அழையுங்கள். ஆளை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து, இரும்பு எதுவும் கொடுக்க வேண்டாம். பல்லுக்கு இடையில் கரண்டி வைக்க வேண்டாம். வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்று மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் உப்புத் தண்ணீர் ஊற்றுவதை அடிக்கடி பார்க்கிறேன். பாசத்தால் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். சோடியத்தோடு நிமோனியாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலை வரும். விழுங்கத் தெரியாதவருக்கு எதையும் வாயில் கொடுக்காதீர்கள்.

கிளம்பும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். இனி வரும் அத்தனை கட்டங்களிலும் இந்தப் பைதான் நமக்கு வழிகாட்டப் போகிறது.

அறிகுறி: குழப்பமான பேச்சு, ஆளையே அடையாளம் தெரியவில்லை, பகலெல்லாம் தூக்கம்

"நேத்து வரைக்கும் பேப்பர் படிச்சிட்டிருந்தாங்க, இன்னைக்குக் காலையில என்னைப் பார்த்து யாருன்னு கேக்கறாங்க." இந்த வாக்கியம் காதில் விழுந்தால் அதே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். ஒரே இரவில் வராது. வயசாகிவிட்டது என்று விட்டுவிடவோ, மந்திரித்துப் பார்க்கலாம் என்று நாள் கடத்தவோ வேண்டாம்.

வண்டி வருவதற்குள் இரண்டு விஷயம் பார்க்கலாம். குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை நோயாளிக்கு 70க்குக் கீழே இருந்தால் இந்தக் குழப்பத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். விழுங்க முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். அடுத்து, முகம் ஒருபக்கம் கோணியிருக்கிறதா, ஒரு கை மட்டும் தொங்குகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். அப்போது ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேரே போக வேண்டும்.

இரண்டும் இல்லையென்றாலும் சோடியம்தான் என்று நாமே முடிவு கட்ட முடியாது. சிறுநீர்த் தொற்று, தலையில் அடி, காய்ச்சல் எல்லாம் இதே மாதிரிக் குழப்பத்தைத் தரும். எலக்ட்ரோலைட்ஸ் என்ற சாதாரண ரத்தப் பரிசோதனை கேட்டுச் செய்யுங்கள். பெரும்பாலான லேப்களில் அன்றைக்கே முடிவு கிடைத்துவிடும்.

அறிகுறி: நடை தள்ளாடுகிறது, அடிக்கடி விழுகிறார்

இதற்கு யாரும் சோடியம் பார்ப்பதில்லை. எலும்பு டாக்டரிடம் போய், கால்சியம் மாத்திரை வாங்கி வந்து, மறுபடியும் விழுவார்கள். சோடியம் 130 பக்கத்தில் இருந்தாலே போதும், நடையில் ஒரு தடுமாற்றம் வந்துவிடும். பாத்ரூம் போகும்போது சுவரைத் தடவிக்கொண்டு போவார்கள், திரும்பும்போது ஒரு பக்கம் சாய்வார்கள்.

எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். வழுக்கும் தரை, செருப்பு, கண்ணாடி பவர், இரவில் விளக்கு இல்லாதது. பிறகு பிரஷரை உட்கார்ந்தபடி ஒருமுறையும், எழுந்து நின்று இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் பாருங்கள். நிற்கும்போது மேல் எண் 20க்கு மேல் இறங்கினால், உடம்பில் நீர் வற்றியிருக்கலாம் அல்லது பிரஷர் மாத்திரை கூடிப்போயிருக்கலாம். அதற்குப் பிறகு சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை விழுந்தவர் என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், நேரே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் போடுபவர் என்றால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரி.

அறிகுறி: சோர்வு, குமட்டல், தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை

அதிகம் பேர் வருவது இந்த வாசல் வழியாகத்தான். கேட்க வேண்டிய முதல் கேள்வி: கடந்த மூன்று நாளில் வாந்தியோ பேதியோ உண்டா?

*உண்டு என்றால்:* உப்பும் தண்ணீரும் சேர்ந்தே வெளியே போயிருக்கிறது. வெறும் தண்ணீராகவும் டீயாகவும் ஈடுகட்டியிருந்தால் சோடியம் இறங்கியிருக்கும். ஓஆர்எஸ் பொடியைப் பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் அப்படியே கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு லிட்டர் பொடியை அரை லிட்டரில் கரைக்காதீர்கள், ஒன்றரை லிட்டரிலும் கரைக்காதீர்கள். ஜூஸ் மாதிரி அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று ஆகாது. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு.

இளநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லதுதான், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம், சோடியம் கொஞ்சம்தான். கிட்னி பழுதானவருக்கும், டெல்மிசார்டான், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி மாத்திரை போடுபவருக்கும் தினம் இரண்டு மூன்று இளநீர் என்பது ஆபத்து. சோடியம் ஏறாது, பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எதைக் குடித்தாலும் வெளியே வருகிறது, பேச்சு குழறுகிறது என்றால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

*வாந்தி பேதி இல்லை என்றால்:* மாத்திரைப் பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்.

எழுபத்திரண்டு வயது அம்மா ஒருவரை மகள் அழைத்து வந்திருந்தார். பத்து நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை, வயிற்றைப் பிரட்டுகிறது. கேஸ் மாத்திரை, டானிக் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. சோடியம் 119. மகள் கொண்டுவந்த பழைய மைசூர்பாகு டப்பாவுக்குள் மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரஷருக்கு முன்பு போட்ட மாத்திரை ஒன்று. மூன்று வாரத்துக்கு முன் புதிதாக எழுதிய மாத்திரை ஒன்று. பெயர் ஏறக்குறைய அதேதான், வாலில் மட்டும் "எச்" என்ற ஓர் எழுத்து கூடுதல். அந்த எழுத்துதான் ஹைட்ரோகுளோரோதயாசைடு. சிறுநீர் வழியாகச் சோடியத்தை வெளியேற்றும் நீர் மாத்திரை. பழையதை நிறுத்தச் சொன்னது அவருக்குப் புரியவில்லை, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். நீர் மாத்திரையை மாற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலு நாள் கவனித்ததில் 131க்கு வந்தார். ஐந்தாம் நாள் காலையில் தானாகவே இட்லி கேட்டார்.

அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் மூலப்பெயர் இருக்கும். தேட வேண்டியவை இவை:

பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு. தனியாகவும் வரும், வேறொன்றோடு சேர்ந்து "எச்", "சிடி" என்ற வாலோடும் வரும். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மைக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகை. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமாசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன். இரவில் அடிக்கடி சிறுநீர் போவதற்குக் கொடுக்கும் டெஸ்மோபிரெசின். இவற்றில் ஏதாவது ஒன்றைக் கடந்த ஒரு மாதத்துக்குள் தொடங்கியிருந்தாலோ, அளவைக் கூட்டியிருந்தாலோ சந்தேகம் முதலில் அதன்மேல்தான். வருடக்கணக்கில் போடுவதும் ஒரு காய்ச்சல், ஒரு வெயில் காலம் வந்தால் திடீரென்று இடறும்.

பெயரைக் கண்டுபிடித்தால், அடுத்த வேளை போடுவதற்கு முன்பு எழுதிக் கொடுத்த டாக்டருக்கு போன் செய்யுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரும். பிரஷருக்கோ சோடியத்தைத் தொடாத வேறு மாத்திரைகள் இருக்கின்றன, மாற்றிக் கொடுப்பது பெரிய வேலையில்லை.

*மாத்திரையிலும் ஒன்றும் இல்லை என்றால்:* தண்ணீரைக் கணக்கெடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை அளவாக வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க எழுதுங்கள். கல் அடைப்பு இருக்கிறது, நிறையக் குடிக்கச் சொன்னார்கள் என்று ஐந்து லிட்டர் குடிப்பவர்கள் உண்டு. கூடவே சாப்பாட்டையும் பாருங்கள். காலையில் கஞ்சி, மதியம் ரசம் சாதம், இரவில் பாலில் ஊறிய பிரெட் என்று மாதக்கணக்கில் ஓடினால் பருப்பும் முட்டையும் உள்ளே போவதில்லை. பிரஷர் என்பதற்காக உப்பையும் முழுக்க நிறுத்தியிருப்பார்கள். இப்படிச் சாப்பிடுபவர் உடம்பால் கூடுதல் தண்ணீரை வெளியேற்ற முடியாது. பிரஷர்காரருக்கும் ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன் உப்பு வரை போகலாம். உப்பே இல்லாத சாப்பாட்டை டாக்டர் சொல்லாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். சோர்வாக இருக்கிறது என்றதும் "ஒரு குளுக்கோஸ் ஏத்திடுங்க" என்று கேட்காதீர்கள். 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது சர்க்கரையும் தண்ணீரும் மட்டுமே. சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொண்டதும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். சோடியம் குறைந்தவருக்கு அது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது போல. அதற்குப் பிறகு வலிப்போடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

அறிகுறி: கால் வீக்கம், மூச்சு வாங்குகிறது, வயிறு ஊதியிருக்கிறது, கூடவே சோடியம் குறைவு

இதயம், கல்லீரல், கிட்னி மூன்றில் ஒன்று திணறுகிறது. உடம்பில் உப்பும் அதிகம், தண்ணீர் அதைவிட அதிகம். இவர்களுக்கு உப்பு கூட்டவே கூடாது. வீட்டில் செய்யக்கூடியது, தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து எழுதுவது. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீர் அளவை அவர் ஒரு லிட்டர் என்று கட்டுப்படுத்தியிருந்தால் அதில் டீ, மோர், ரசம், கஞ்சி, தர்பூசணி எல்லாம் அடக்கம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறார் என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அறிகுறியே இல்லை, ரிப்போர்ட்டில் மட்டும் குறைவு

நிதானமாக இருக்கலாம். சொட்டு மருந்து ஏறுகிற கையிலேயே ரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள். அப்படி எடுத்தால் எல்லாமே தப்பாக வரும். சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். சர்க்கரை 100க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 100க்கும் சோடியம் குறைந்தபட்சம் 1.6 இறங்கும். சர்க்கரை 500 இருக்கும்போது சோடியம் 128 என்றால், சர்க்கரையைச் சரிசெய்ததும் சோடியம் தானாக 134 பக்கம் வந்துவிடும். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மிக அதிகமாக இருந்தாலும் சில மெஷின்கள் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இவை எதுவும் இல்லையென்றால், 130க்கு மேல் இருப்பவர் ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்த்துவிட்டு, மாத்திரைப் பையோடு டாக்டரைப் பார்க்கலாம். 125க்குக் கீழே இருந்தால் ஆள் தெம்பாக இருந்தாலும் அன்றே போக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, ஏன் இன்னும் 135க்கு வரவில்லை?

வலிப்போ மயக்கமோ இருந்தால் 3 சதவீத உப்பு நீரை 100 அல்லது 150 மில்லி வீதம் வேகமாகக் கொடுத்து, முதல் சில மணி நேரத்தில் 4 முதல் 6 புள்ளி ஏற்றுவார்கள். ஆபத்து நீங்க அது போதும். அதற்குப் பிறகு மெதுவாகத்தான் போக வேண்டும். பல நாளாகக் குறைந்திருந்த சோடியத்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏற்றக் கூடாது. அவசரப்பட்டால் மூளை நரம்புகளின் உறை சிதையும். முதலில் நன்றாகத் தேறிய ஆள், சில நாள் கழித்துப் பேச முடியாமல், விழுங்க முடியாமல், கைகால் அசைக்க முடியாமல் போவார். சத்து இல்லாமல் மெலிந்தவர்கள், தினமும் குடிப்பவர்கள், பொட்டாசியமும் குறைந்தவர்கள் இதில் இன்னும் எளிதாக மாட்டுவார்கள். 112இலிருந்து ஒரு நாளில் 119 ஆனால் அது நல்ல வேகம். "இவ்வளவுதானா ஏறுச்சு" என்று டாக்டரை விரட்டாதீர்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பதும் இதற்காகத்தான்.

சரியாகி வீட்டுக்கு வந்தார், மறுபடியும் இறங்குகிறது

இங்கேதான் செலவு தொடங்குகிறது. ரத்தம், சிறுநீர் இரண்டின் ஆஸ்மொலாலிட்டி (எவ்வளவு அடர்த்தி என்ற அளவு), சிறுநீரில் சோடியம், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், அட்ரீனல் சுரப்பிக்குக் காலை எட்டு மணிக் கார்டிசால் ஆகியவை முதல் சுற்று. சிறுநீர்ப் பரிசோதனையைச் சொட்டு ஏற்றுவதற்கு முன்பு எடுத்தால்தான் தெளிவாக இருக்கும்.

டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்களாகச் சொல்ல வேண்டிய பழைய கதைகள் சில உண்டு. மூட்டு வலிக்கோ மூச்சிரைப்புக்கோ பெயர் தெரியாத பொடி, பொட்டல மாத்திரை சாப்பிட்டு நிறுத்தினாரா? அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். திடீரென்று நிறுத்தினால் சோடியம் விழும். பெண்ணாக இருந்தால், பிரசவத்தில் ரத்தப்போக்கு கடுமையாக இருந்து, பிறகு பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாமல் போனதா? முப்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் பிரசவம், மூளைக்கு அடியில் இருந்து மற்ற ஹார்மோன் சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியைப் பழுதாக்கியிருக்கலாம். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவருக்கும் அதே சுரப்பி பழுதாகலாம். இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் காசநோயைத் தேட வேண்டும். புகைபிடித்தவர் என்றால் நெஞ்சு சிடி ஸ்கேன் தேவைப்படும். நுரையீரல் கட்டி சில சமயம் சோடியம் குறைவாகத்தான் முதலில் தலைகாட்டும். இந்தக் கட்டத்தில் பொது மருத்துவரோடு நிற்காமல் சிறுநீரக மருத்துவரிடமோ ஹார்மோன் மருத்துவரிடமோ போங்கள். டோல்வாப்டான் மாத்திரை எழுதினால் ஆஸ்பத்திரியில் வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். அது சோடியத்தை வேகமாக ஏற்றிவிடக்கூடியது.

அந்த மைசூர்பாகு டப்பா அம்மா எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். சோடியம் 123. பிரஷர் ஏறியதென்று வேறு இடத்தில் காட்டியிருக்கிறார்கள், வேறு பெயரில் இண்டபமைடு வந்துவிட்டது. புதிய டாக்டருக்குப் பழைய கதை தெரியாது, மகளும் ஊரில் இல்லை. இந்த முறை டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதினேன்: "தயாசைடு வகை நீர் மாத்திரை, இண்டபமைடு, குளோர்தாலிடோன் கொடுக்க வேண்டாம். சோடியம் 119 வரை இறங்கியது." தேதி போட்டு, டப்பா மூடியின் உட்பக்கம் செலோ டேப்பால் ஒட்டினோம். அதையே மகள் போனில் படம் எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கட்டும். மாத்திரை மாறினால், மாறிய ஒரு வாரத்தில் ஒருமுறையும் மூன்று நான்கு வாரத்தில் ஒருமுறையும் சோடியம் பாருங்கள்.